பென்சிலில் எழுதிய பதினெட்டு

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் பல்வலியில் பிறந்தது. பல் மருத்துவமனையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, திறந்த கதவு வழியாக ஓர் அலமாரி தெரிந்தது. தட்டுத் தட்டாகக் குழந்தைகளின் வாய்கள்! பிளாஸ்டரில் வார்த்த மேல்தாடை, கீழ்த்தாடை. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஓர் எண்.

"அது என்னங்க நம்பர்?"

"எத்தனை மாசம் தாய்ப்பால் குடிச்சதுன்னு" என்றாள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பெண். எனக்கு வலியே மறந்துபோனது. அவளை அப்படியே கதைக்குள் இழுத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: தாய்மை என்பது ஒரு மகத்தான… (அடச்சே. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: அவளை அங்கே எல்லோரும் பிளாஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். (இது தேவலை. இப்படியே போவோம்.)

டாக்டரம்மா குழந்தைகளின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டரை ஊற்றி, குமிழி நிற்காமல் தட்டி, இறுகியதும் கழற்றி எடுப்பது அக்காவின் வேலை. பால் குடித்த மாதங்களுக்கும் விரல் சூப்புவதற்கும் பல் வரிசைக்கும் என்ன தொடர்பு என்று டாக்டரம்மா ஆய்வு செய்துகொண்டிருந்தார். இருநூறு வாய்களை வார்த்த பிறகு அக்காவுக்கே கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. சீக்கிரம் பால் மறந்த பிள்ளைகளில் விரல் சூப்புகிறவர்கள் அதிகமாகத் தெரிந்தார்கள்.*

* எல்லோரும் அல்ல. இரண்டே மாதம் குடித்து முத்துப் போன்ற வரிசை வாய்த்ததும் உண்டு. இரண்டு வருடம் குடித்தும் விரலை விடாத ஆசாமிகளும் உண்டு. அவற்றையும் அக்காதான் வார்த்தாள். ஆனால் சொந்தப் பிள்ளை என்று வந்துவிட்டால் அதெல்லாம் கண்ணில் படுமா?

3

இருநூற்று ஏழாவது வாய் அவள் மகளுடையது. நான்கு வயது.

மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துவைத்துப் பார்த்தாள். பின்பற்கள் பொருந்தின. முன்பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவே ஒரு சின்ன நீள்வட்டம், மகள் சூப்பும் கட்டைவிரல் அளவுக்கு. யம்மாடி! இரவெல்லாம் மெத்தென்று வாயில் கிடந்த விரல், எலும்பையே நகர்த்தியிருந்தது. அக்காவுக்குப் புல்லரித்தது. அடுத்த நிமிடமே வார்ப்பைத் திருப்பி, எண் எழுத வேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

மகள் பால் குடித்தது மூன்று மாதம். அக்கா பென்சிலை எடுத்து 18 என்று எழுதினாள்.

(இங்கே அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை அம்மாக்களின் வாய்ச்சொல்லை நம்பி நடக்கிற ஆய்வில் இவள் பொய் எழுதுவாளா? எழுதுவாள். எழுதிவிட்டு அன்று முழுக்க அந்த அலமாரிப் பக்கமே திரும்பாமல் இருப்பாள்.)

4

முடிவு அ: யாரும் கவனிக்கவில்லை. (சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: டாக்டரம்மா கண்டுபிடித்துத் திட்ட, அக்கா கதறிக்கொண்டு… (போதும், போதும்.)

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து போய்விட்டாள். டாக்டரம்மாவின் மேசை முன்னால் நின்றாள்.

"டாக்டர், என் பொண்ணோடதுல பதினெட்டுன்னு எழுதினது பொய். மூணு மாசம்தான். நானே அவ வாயைக் கெடுத்துட்டேன்."

டாக்டரம்மா அந்த வாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏம்மா மூணோட நிறுத்தினே?"

"வேலைக்கு வந்துட்டேன்ல. பால் வத்திப்போச்சு."

"யாரு உன்னை அவ்வளவு சீக்கிரம் வரச் சொன்னது?"

அக்கா நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள். வரச் சொன்னவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் இல்ல?" டாக்டரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "ஆளே இல்லை, உடனே வான்னு போன் மேல போன் போட்டேன். இந்தப் படிவத்துல அம்மாக்களுக்கு நாப்பது கேள்வி வெச்சிருக்கேன். ஏன் நிறுத்தினீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலை பாரு."

பதினெட்டை அழித்துவிட்டு 3 என்று எழுதினார். படிவத்தின் அடியில் நாற்பத்தொன்றாவது கேள்வியைத் தன் கையால் சேர்த்தார்.

"இது மூடுமா டாக்டர்?"

"புதுப் பல் வர்றதுக்குள்ள அவ விரலை விட்டுட்டா, அனேகமா தானா சேர்ந்துக்கும். எத்தனையோ வாய் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் அசந்துதான் போறேன்."

5

மூடியதா? தெரியாது. அந்தப் பல் முளைக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கிற வாய்க்கு முற்றுப்புள்ளி வைக்க நான் யார்?

நீங்கள் ஒன்று செய்யுங்கள். நாக்கை மேலே தூக்கி அண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்த வளைவு உருவானதில், யாரோ ஒருத்தியின் மடியில் கிடந்த உங்கள் சின்ன நாக்குக்கும் பங்கு இருக்கிறது. அந்த அம்மா இன்னும் இருக்கிறார் என்றால், எத்தனை மாதம் என்று கேளுங்கள். கூட்டிச் சொன்னால் சொல்லட்டும். ஏன் நிறுத்தினார் என்று அடுத்துக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள்.