காது மெஷின்

நான்கு நாட்களாக மருமகளின் போன் வீட்டுக்குள் வந்தால் வாயை மூடிக்கொண்டது. தங்கை அனுப்பும் குரல் செய்தியைத் தட்டினால் கோடு மட்டும் நகரும், சத்தம் வராது. சமையலறையில் நின்று ஒலியைக் கடைசிவரை ஏற்றி, ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். கூடத்தில் மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவுக்கு வந்து தட்டினால் அதே சனியன் மணிமணியாகப் பேசும். அன்று வேலை முடிந்ததும் நேரே போன் ரிப்பேர் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தானேம்மா பேசுது. வீட்டுல மட்டும்தான் வரலையா?"

"ஆமாங்க. பேய் புடிச்ச மாதிரி."

அவர் புளூடூத் பட்டியலைத் திறந்து விரலால் காட்டினார். "பேயெல்லாம் இல்ல. ஏதோ காது மெஷின் சேர்ந்திருக்கு பாருங்க. டப்பாவுலேர்ந்து எடுத்தாலே தானா உங்க போனோட ஒட்டிக்கும். அப்புறம் சத்தமெல்லாம் அங்கதான் போகும்."

நாலு நாள் முன்பு மாமனாருக்கு வாங்கிய மெஷின் அது. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் மெஷின் விற்றவர் இவளுடைய போனில்தான் இணைத்துக் கொடுத்திருந்தார். அந்த மெஷினையும் பாசம் பொங்கி ஒன்றும் வாங்கவில்லை. தங்கை பார்த்துவைத்த முதியோர் இல்லத்தில், கூப்பிட்டால் காது கேட்கிறவர்களைத்தான் சேர்ப்பார்களாம். எட்டு வருடம் அவருக்கு வடித்துக்கொட்டியாயிற்று. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து இரண்டு முறை வீட்டையே கொளுத்தப் பார்த்தார். லேபில் நாள் முழுக்க நின்று ஊரார் கையில் ரத்தம் எடுத்துவிட்டு, வீடு இருக்கிறதோ இல்லையோ என்று பதறி ஓடி வருகிறவள் அவள்தான், கணவன் அல்ல. ஒன்றாம் தேதி கொண்டுபோய் விடலாம் என்று அவனும் தலையாட்டிவிட்டான். பெரியவரிடம் கடைசி நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை வந்த செய்தி நினைவுக்கு வந்தது. 'கட்டில் காலியாயிருக்கு அக்கா. கெழம் அங்க போயித் தின்னுட்டுக் கெடக்கட்டும். உனக்கு இனிமே விடிவு காலம்.' அதைத்தான் ஐந்து முறை ஓட்டியிருந்தாள். ஐந்து முறையும் அவர் காதுக்குள்.

"அழிச்சிடவாம்மா? ஒரு தட்டுதான்."

"வேணாங்க," என்று போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

வழியில் நின்று தங்கைக்கு விஷயத்தை எழுதினாள். 'மாமாவ எங்கயும் அனுப்பலன்னு நான் சொன்ன மாதிரியும், உனக்கு அது சந்தோஷம் மாதிரியும் பேசி அனுப்பு. அவர் காதுல விழணும்.' ஒன்றாம் தேதி வரைக்கும் அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போட வேண்டுமே! எழுதும்போது கூசத்தான் செய்தது. நிஜமாகவே அனுப்பாமல் இருந்துவிடலாமே என்று மட்டும் தோன்றவில்லை.

"போனு சரியாயிடுச்சாம்மா?" என்றார் மாமனார், அவள் செருப்பைக் கழற்றும்போதே.

"ஆயிடுச்சு மாமா."

சமையலறைக்குள் போய்ச் செய்தியைத் தட்டினாள். சத்தமில்லாமல் கோடு நகர்ந்தது. தங்கை என்ன பேசியிருப்பாள் என்று தெரியாது. ஆனால் நடிப்பில் சோடை போகிறவள் அல்ல. கதவோரமாக எட்டிப் பார்த்தாள். பேப்பர் மெல்ல மடியில் இறங்கியது. நாலு நாளாக இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

கோடு முடிந்தது. அடுத்த கோடு தானாக நகர ஆரம்பித்தது. தங்கை ஒன்றல்ல, இரண்டு செய்திகள் அனுப்பியிருந்தாள். மருமகள் பதறித் திரையைக் குத்தினாள். விரல் வேர்த்து வழுக்கியது. கூடத்தில் அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இளகிய முகம் மறுபடி இறுகியது. பிறகு வலது காதிலிருந்து ஒன்று, இடது காதிலிருந்து ஒன்று என்று கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, டப்பாவில் வைத்து மூடினார்.

போனுக்குக் குரல் வந்துவிட்டது.

"...எப்படி என் நடிப்பு? நம்பிடுச்சா கெழம்?"

தங்கையின் சிரிப்பு முழு ஒலியில் வீட்டை நிறைத்தது. அது எதுவும் காதில் விழாமல், டப்பாவை அவள் பக்கமாக நீட்டியபடி உட்கார்ந்திருந்தார் மாமனார்.