அது ஒப்பாரி அல்ல

1

நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கண்காட்சி மதிப்புரை. அலெக்சாந்திரியாவின் கடலோர அருங்காட்சியகத்தில் அராக்ஸி நல்பந்தியானின் புகைப்படங்கள். ஒளி, நிழல் என்று நாலு பத்தி எழுதிக் கொடுத்துவிட்டு வறுத்த மீன் சாப்பிடப் போகலாம் என்பது திட்டம். முதல் வாக்கியம் இப்படி இருந்தது:

இருபதாம் நூற்றாண்டு நமக்கு விட்டுச்சென்ற முகங்களில்—

அடித்துவிட்டேன். நூற்றாண்டா படம் எடுத்தது? அராக்ஸி எடுத்தாள்.

(எண்பதைத் தாண்டியவரை 'எடுத்தாள்' என்பதா? 'எடுத்தார்' என்றும் எழுதிப் பார்த்தேன். உடனே அவர் மேடை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். 'எடுத்தாள்' என்றதும் எழுந்து ஓடினாள். ஓடுகிறவள்தான் எனக்கு வேண்டும்.)

2

படம் இது. இதே ஊரின் மெக்ஸ் என்ற மீனவர் பகுதி, அங்குள்ள கால்வாயின் முகத்துவாரம், குளிர்காலப் புயல். கண்ணை இறுக மூடிய ஓர் இளம்பெண். முகமெல்லாம் ஈரம். வாய் அகலத் திறந்திருக்கிறது. மேலுதட்டின் மேல் ஒரு கை.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அதற்கு 'ஒப்பாரி' என்று பெயர் வைத்து அட்டையில் போட்டது. அன்றிலிருந்து அது ஒப்பாரிதான். பாடப் புத்தகத்தில் ஒப்பாரி, ஏலத்தில் ஒப்பாரி. அந்தத் திறந்த வாயின் இருட்டைப் பற்றி ஒருவர் தனி அத்தியாயமே எழுதினார். பிரான்சின் மார்செய் நகருக்குக் குடிபோயிருந்த அராக்ஸி, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "ஐயா, அது ஒப்பாரி இல்ல, குலவை. முழுகிப்போச்சுன்னு நெனச்ச படகு அப்பத்தான் திரும்பி வந்துச்சு."

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: நம் ஊரைப் போலத்தான் இங்கும். பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் அந்த ஒலி இல்லாமல் கல்யாணமும் இல்லை, பரீட்சை முடிவும் இல்லை. என்ன செய்ய, புகைப்படத்தில் கேட்காது.)

இப்போது சொந்த ஊரில் முதல் பெரிய கண்காட்சி. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆளுயர எழுத்து: ஒப்பாரி. கண்காட்சிக்கே அதுதான் பெயர்.

"இதை எடுங்க," என்றாள் அராக்ஸி.

"மதாம், ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாச்சு," என்றார் கண்காட்சியை அமைத்த டாக்டர் ரவூஃப். "அதோட, கோவிச்சுக்காதீங்க, படம் என்ன சொல்லுதுன்னு எடுத்தவங்களுக்கே தெரியணும்னு இல்ல."

"நான் அங்க நின்னேன் ரவூஃப். காதால கேட்டேன்."

"படத்துக்குக் காது கிடையாதே, மதாம்."

இந்த இடத்தில் ரவூஃபை வில்லனாக்க மிகவும் முயன்றேன். மீசைகூட வைத்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. அந்தப் படத்தைப் பதினாறு வயதில் பார்த்துவிட்டு, படம் பார்ப்பதே வாழ்க்கை என்று வந்தவர் அவர். நேசித்ததைத் தவறாக நேசித்தார், அவ்வளவுதான்.

"பேரு மாறலைன்னா நான் வரமாட்டேன். ஒரு படமும் தொங்காது," என்று சொல்லிவிட்டு, ஒரு சுவரொட்டியைச் சுருட்டி அக்குளில் செருகிக்கொண்டு அராக்ஸி வாடகைக் காரில் ஏறினாள்.

3

மெக்ஸ் கால்வாயின் ஓரம், கடலையே வெறித்தபடி, மெலிந்த உருவமாக, காலம் மறந்துபோன அந்த மூதாட்டி—

(இல்லை. சனிய்யா குண்டு. யாரும் அவளை மறக்கவில்லை. மறக்க அவள் விடவும் இல்லை. மடவை மீன் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து விலை கூவிக்கொண்டிருந்தாள்.)

"படகு திரும்பி வந்தப்ப குலவை போட்ட பொண்ணு ஒருத்தி... அந்தக் காலத்துல," என்று இழுத்தாள் அராக்ஸி.

"இங்க எவ போடல? படத்தைக் காட்டு." சுவரொட்டி விரிந்தது. "அட, நான்! என் பல்லு அத்தனையும் இருக்கு பாரு! கீழ என்ன எழுதியிருக்கு?"

"ஒப்பாரின்னு."

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. அதான் என் பிரச்சினையே."

சனிய்யா சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. "என் புருஷன் அப்தோ வந்து சேர்ந்த நாளு அது! படகோட மூக்கு தெரிஞ்சதும் போட்டேன் பாரு ஒண்ணு, கலங்கரை விளக்கமே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் எத்தனை வருஷம் என் சமையலைத் திட்டிக்கிட்டே தின்னான்! உசுரோட வந்த மனுஷனை என் வாயாலயே சாகடிச்சுட்டாங்களா, பாவிங்க?" சட்டென்று நிறுத்தி, அராக்ஸியை உற்றுப் பார்த்தாள். "நீ அந்த ஆர்மீனியப் பொண்ணுதானே? இடுப்பளவு தண்ணியில படம் புடிக்கற பொட்டிய தலைக்கு மேல தூக்கிட்டு நின்னியே. பைத்தியம்னு நெனச்சேன்."

"இப்பவும் எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க."

"எந்திரி. எங்க இருக்கு அந்தக் கட்டடம்?"

4

அன்று மாலையே திறப்பு விழா. பெயரும் மாறவில்லை, படங்களும் இறங்கவில்லை. நான் கடைசி வரிசை. ரவூஃப் ஒலிவாங்கியில் பேசிக்கொண்டிருந்தார். "இந்தத் திறந்த வாய்க்குள் உறைந்திருக்கும் மௌனம்..."

"மௌனமா?"

அரங்கமே திரும்பியது. சனிய்யா, பின்னால் மெக்ஸ் பெண்கள் ஒரு படை, நடுவில் கைத்தடியோடு அராக்ஸி. காவலாளி குறுக்கே வந்தான். "அவங்க மேல கை பட்டா அத்தனை படமும் இப்பவே இறங்கும்," என்றாள் அராக்ஸி. அவன் விலகினான்.

சனிய்யா படத்தின் கீழே போய் நின்றாள். கண்ணை மூடினாள். மேலுதட்டின் மேல் கையை வைத்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகங்கள். ஒன்று தாளில், ஒன்று ரத்தமும் சதையுமாக. அறிஞர்கள் துயரத்தின் இருட்டு என்று எழுதிய அந்தக் கரும்புள்ளி அசைந்தது. அது நாக்கு.

குலவை கிளம்பியது. கூரைக் கண்ணாடி அதிர்ந்தது. இத்தனை காலமும் தன் காதுக்குள் மட்டும் ஒலித்ததை ஊரே கேட்கிறது என்று அராக்ஸிக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு கைத்தடியைக் கீழே போட்டுவிட்டாள். அவளுக்கு இரண்டு கையும் தட்ட வேண்டியிருந்தது.

ரவூஃப் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மேடையை விட்டு இறங்கிப்போய் ஆளுயர எழுத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். வரவில்லை.

"கத்தி... யார்கிட்டயாவது கத்தி இருக்கா?"

"மீன் வெட்டறது இருக்கு, டாக்டர் தம்பி," என்றாள் சனிய்யா. "வாசல்ல புடுங்கி வச்சுட்டாங்க. வாங்கிட்டு வரச் சொல்லு!"

5

முடிவுகள்.

(அ) கண்காட்சிக்கு 'குலவை' என்று பெயர் மாற்றுகிறார்கள். சரிதான், ஆனால் அரசாணை போல இருக்கிறது.

(ஆ) இரண்டு கிழவிகளும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இதை எழுதினால் சனிய்யா என்னைத் தேடி வருவாள்.

(இ) நீங்கள் சொல்லுங்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். சனிய்யாவுக்கு மூச்சு வாங்கியதும் பக்கத்தில் இருந்தவள் குலவையை எடுத்துக்கொண்டாள். அவள் விட்டதும் பட்டுச் சட்டை போட்ட ஒரு வங்கி அதிகாரி, பிறகு ஒரு கல்லூரிப் பெண், பிறகு துடைப்பத்தோடு நின்றிருந்தவள். நான் முற்றுப்புள்ளி வைக்கப் பேனாவை இறக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ இன்னொருத்தி எடுத்துக்கொள்கிறாள், இதோ இப்போதும் படிக்கட்டுப் பக்கம் யாரோ ஒருத்தி