தொங்கல் காம்பராவின் பலாமரம்

பொன்னையாவின் கண்ணெதிரில் யாரும் எதையும் சும்மா செய்துவிட முடியாது. தும்மினால்கூட அதில் என்ன லாபம் என்று பார்க்கிற ஆள். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி தேயிலைச் செடியில் இருந்தாலும் கவனம் என்னவோ மனிதர்கள் மேல்தான்.

குழாயடியில் சண்டை போடுகிற கருப்பம்மாவை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க வாயாடி என்றபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி சொட்டுச் சொட்டா வர்ற மாசத்துலதான் அவ கத்துறா. மழைக் காலத்துல அவ கொரலு கேட்டிருக்கீங்களா? கத்துனா மொதக் கொடம் கெடைக்குது, கத்துறா" என்றான். கவனித்துப் பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. சம்பள நாளில் ஆண்கள் ஒரே மூச்சில் குடித்துத் தீர்ப்பதற்கும் அவனிடம் காரணம் இருந்தது. காசு மடியில் இருந்தால் மச்சான் கேட்பான், மாமன் கேட்பான், மறுக்க முடியாது. வயிற்றுக்குள் போனதை எவனும் கைமாற்றுக் கேட்க முடியாதே.

"இவருக்கு வாக்கப்பட்டதுக்குக் கொழுந்து நிறுக்கிற தராசுக்கு வாக்கப்பட்டிருக்கலாம். அதாச்சும் பேசாமக் கெடக்கும்" என்பாள் அவன் மனைவி பாக்கியலெட்சுமி. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

லயத்துக் கொல்லைகளில் ஒரு பழமரமும் இல்லாததைப் பார்த்து, புதிதாக வந்த வாத்தியார் சோம்பேறிச் சனங்கள் என்று சொல்லிவிட்டார். பொன்னையாவுக்குக் கோபம் வந்தது. நேரே போய் அவரிடமே நியாயம் சொன்னான். அவரைக்கொடி மூன்று மாதத்தில் காய்க்கும். அதை எல்லோருமே நட்டிருக்கிறார்கள். பலா காய்க்க ஏழெட்டு வருஷம் வேண்டும். தோட்டத்துத் துரை நினைத்தால் நாளைக்கே வேறு லயத்துக்குப் போகச் சொல்லலாம். எவனோ தின்னப்போகிற பழத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? தோட்டத்தில் இருந்த ஒரே பலாமரம் கடைசி லயத்தின் ஓரத்தில், தொங்கல் காம்பரா என்கிற கோடி அறைக்குப் பின்னால் நின்றது. அதை நட்டவன்கூட முதல் காயைப் பார்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று ஆகிவிட்டது. பிரஜாவுரிமை வேண்டுமானால் எழுதிக் கேட்க வேண்டும். பொன்னையாவும் எழுதிக் கேட்டிருந்தான். அவன் பிறந்தது இதே தோட்டத்தில். கடலுக்கு அந்தப் பக்கம், திருச்சிக்குக் கிட்ட ஏதோ ஒரு ஊர் என்று அப்பன் சொல்லிக் கேட்டதோடு சரி, அந்த ஊரில் இறக்கிவிட்டால் எந்தத் தெருவில் நடப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. மகள் மருதாயிக்கு ஆறு வயது. அவளை இழுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணைக்குப் பதுளை போனவர்கள் வாடிய முகத்தோடு திரும்பிவந்தார்கள். இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறாயா என்றுதான் அதிகாரி முக்கியமாகக் கேட்கிறாராம். எல்லோரும் ஆமாங்க என்கிறார்கள். அவர் நம்புவதில்லை.

"எப்பிடி நம்புவாரு?" என்றான் பொன்னையா. "ஆமாங்கன்னு சொல்ல என்னா செலவு? செலவில்லாத பேச்ச எவனும் நம்ப மாட்டான். போனா எனக்கு நட்டம்னு காட்டணும். இழக்கிறதுக்கு இங்க ஒண்ணு வச்சிருக்கணும்."

யோசித்து யோசித்து அவன் வந்து சேர்ந்த இடம் அந்தப் பலாமரம். இனி நட்டு வளர்க்க நேரமில்லை. காய்க்கிற மரம் வேண்டும். தொங்கல் காம்பராவில் இருந்த மாடசாமியிடம் போய், ஆளுக்கு ஆள் காம்பராவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். மாடசாமி காதில் விழுந்ததை நம்ப முடியாமல் நின்றான். பொன்னையாவின் காம்பரா நடு லயத்தில், நல்ல தகரம் போட்டது, ஒரு சொட்டு ஒழுகாது. தொங்கல் காம்பராவோ மழையை உள்ளே விட்டுக்கொள்கிற காம்பரா. மேல்கான் வாய்க்கால் தண்ணீர் சுவரில் இறங்கி வருஷம் முழுக்க ஈரம். கங்காணி சிரித்துக்கொண்டே சரி என்றார். பெரிய கிளாக்கரும் தலையாட்டினார். நட்டத்துக்கு எதையும் செய்யாத பொன்னையாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குழாயடியில் பேச்சு.

பாக்கியலெட்சுமிக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம். ஈரம் ஆகாது. "யோசிச்சித்தான் செய்றீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"விசாரணை முடியிற வரைக்கும் ரெண்டு மூணு மாச ஈரம், ஒரு பக்கம். மகளுக்கு ஆயுசு பூரா ஒரு நாடு, இன்னொரு பக்கம். நீயே நிறுத்துப் பாரு."

அவள் நிறுத்துப் பார்க்கவில்லை. சட்டிபானையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் வந்தாள்.

ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி வரை விடவில்லை. சுவரில் கை வைத்தால் கை நனைந்தது. அவளுக்கு இருமல் வந்தது, பிறகு காய்ச்சல், பிறகு இரண்டும் சேர்ந்து. தோட்டத்து டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்தார்கள். பொன்னையா பலாமரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்தான். வேலியும் கட்டினான்.

தை மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பதுளையில் ஒரு மண்டபத்தில், மேசைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு அம்பலவாணர் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். வழக்கமான கேள்வி வந்தது. பொன்னையா ஆமாங்க என்று சொல்லவில்லை. "எனக்குக் காய்க்கிற பலாமரம் ஒண்ணு இருக்குங்க. நான் போனா அது போயிரும்" என்றான்.

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்டார்.

"மரம் ஆர் நட்டது எண்டு ஐயா கேக்கிறார்" என்றார் அம்பலவாணர்.

"முன்ன இருந்த ஆளுங்க."

"நிலம் ஆருடையது?"

"தோட்டத்துதுங்க."

அதிகாரி நிதானமாக ஏதோ சொன்னார். அம்பலவாணர் மேசையைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார். "நீர் போனால் உமக்கு ஒரு நட்டமும் இல்லையாம். அடுத்து வாறவன் பறிச்சுத் தின்பான். உம்மட எண்டு சொல்ல இஞ்ச என்ன இருக்கு எண்டு கேக்கிறார்."

 வாத்தியாரிடம் பொன்னையா சொன்ன அதே நியாயம். அதில் ஒரு ஓட்டையும் இல்லை என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடைசியில், செலவில்லாத பேச்சென்று இத்தனை நாள் ஒதுக்கி வைத்திருந்ததைச் சொன்னான். "எனக்கு வேற ஊரே தெரியாதுங்க."

"அதைத்தான் எல்லாரும் சொல்லினம்" என்றார் அம்பலவாணர். அதை அவர் அதிகாரிக்கு மொழிபெயர்க்கக்கூட இல்லை. வெளியே வரும்போது மட்டும், "மனசைத் தளர விடாதேயும்" என்று மெல்லச் சொன்னார். மனு தள்ளுபடியாயிற்று.

அன்று தோட்டத்துக்கு வந்ததும் பொன்னையா நேராக மாடசாமியிடம் போனான். "காம்பராவத் திருப்பித் தா மாடசாமி. அவளுக்கு ரொம்ப முடியல."

மாடசாமி நல்லவன்தான். முகம் வாடிப்போய் நின்றான். உள்ளே அவன் மனைவி ரெங்கம்மா நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். "இவளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அந்த ஈரத்துல எப்பிடிங்கண்ணே பச்சப் புள்ளைய வைக்கிறது? என் எடத்துல நீங்க இருந்தா குடுப்பீங்களா?"

பொன்னையா உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். அவனுக்கு மாடசாமி மேல் கோபம் வரவில்லை. அதிகாரி மேலும் வரவில்லை. கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கலாம். எல்லோர் பக்கமும் நியாயம் இருந்ததில், மூச்சுவிட இடமில்லாமல் போனது.

மாலையில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அந்தக் காம்பராவில் அடுப்போரம் மட்டும்தான் காய்ந்த இடம், இரண்டு பேர் நெருக்கிப் படுக்கலாம். பாக்கியலெட்சுமி மருதாயியின் பாயையும் அவன் பாயையும் அங்கே போட்டிருந்தாள். தனக்கு ஈரச் சுவரோரம் சாக்கை விரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இங்குட்டு வா. நான் அங்க படுக்கிறேன்."

"நீங்க விடிஞ்சா வேலைக்குப் போகணும்."

"நீயும் வேணுமே எனக்கு." அவன் சாக்கின் ஒரு நுனியைப் பிடித்தான். "இந்தக் காம்பராவுக்கு வரும்போதே ஒனக்குத் தெரியும், இது ஒனக்கு ஆகாதுன்னு. ஒனக்கு என்னா கெடைக்கும்னு வந்த?"

அவள் கேலி என்றுதான் நினைத்தாள். பார்த்தால் அவன் கண்ணில் தண்ணீர். "ஒண்ணும் கெடைக்கல. நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன்" என்றாள். "பேசாமப் படுங்க. புள்ள முழிச்சுக்கும்."

அவன் பிடிவாதமாகச் சாக்கை இழுத்தான். அவள் விடவில்லை. இருமல்தான் வந்தது.

மாசியில் அவள் போய்விட்டாள். காரியம் முடிந்த பிறகு மாடசாமி வந்தான். ரெங்கம்மா கடைசி நேரத்தில் தாய் வீட்டுக்குப் போய் அங்கேயே பிள்ளை பெற்றிருந்தாள், வர இன்னும் மூன்று மாதம் ஆகும். அவன் நிமிர்ந்து பார்க்க முடியாமல், "அண்ணே, காம்பராவ மாத்திக்குவோம். நான் தனியாத்தான் இருக்கேன்" என்றான்.

பொன்னையா அடுப்போரத்தில் மகளோடு உட்கார்ந்திருந்தான்.

"வேணாம் மாடசாமி" என்றான். "காஞ்ச எடம் ரெண்டு பேருக்குப் போதும்."