கெட்ட பாக்கெட்டை விட்டுடு

என் வீட்டுக்காரரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கணினியை உள்ளிருந்து இயக்கும் கர்னலுக்கு நிரல் எழுதுகிறோம். பாக்கெட்டை, அதாவது குரலையும் தரவையும் நறுக்கிய சிறு துண்டை, அனுப்பும் பக்கம் அவருடையது, வாங்கும் பக்கம் என்னுடையது. சண்டை இரண்டுக்கும் பொது.

அன்று மதியத்துக்குள், தொலைபேசி அழைப்புகளைக் கடத்தும் எங்கள் பெட்டி சோதனையில் தேறினால் ஆம்புலன்ஸ் அலுவலகத்தின் அழைப்புகளெல்லாம் அதன் வழியாகப் போகும். தேறாவிட்டால் எங்கள் உழைப்பு பரணுக்குப் போகும். பெட்டியோ மறுபடி மறுபடி மூச்சடங்கி நின்றது. மேலாளர் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் எளிது. வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கர்னல் நினைவகத்தில் ஓர் இடம் தரும், அதுதான் பஃபர். வேலை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட தட்டையெல்லாம் மேசையிலேயே போட்டு வைத்தால் அடுத்து வருபவருக்குத் தட்டு ஏது?

மீதி இடத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே நல்ல பாக்கெட்டுகளாக அனுப்பினேன். எண் குறையவில்லை. சிதைந்தவற்றைக் கலந்தேன். சரசரவென்று இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஓடிப் போய் நிரலைப் பிரித்தால், திருடன் என் பக்கத்திலேயே இருந்தான். சிதைந்த பாக்கெட் வந்தால் பஃபரைத் தொடாமல் திரும்பும்படி எழுதியது சாட்சாத் நானேதான்.

"நீங்கதானே சொன்னீங்க, கெட்டது வந்தா விட்டுடுன்னு?" என்று வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன்.

"ஆமா, சொன்னேன். நீ எங்க விட்டே?"

"அப்படியே விட்டுட்டேன். கை வைக்கல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, பஃபரை விடுவிக்கத்தான் சொன்னேன்."

"அதை முழுசா சொன்னா வாய் வலிக்குமா?"

மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சண்டையை வீட்டுல வச்சுக்கங்க. முதல்ல சரி பண்ணுங்க."

பஃபரைத் திருப்பிக் கொடுக்கும் ஒரே வரி. அவசரத்தில் அதையும் தப்பாக அடித்து, திருத்தி, பெட்டியை எழுப்பினோம். சிதைந்த பாக்கெட்டுகளாகவே கொட்டினோம். எண் இறங்கியது, ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பெட்டி அசரவில்லை. நான் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை.

மாலையில் பெட்டியை ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் மாட்டினார்கள். மேலாளர் எங்கள் அறையிலிருந்தே ஸ்பீக்கரைப் போட்டு அங்கே அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"குரல் தெளிவா கேக்குதாம்மா? இதுக்காக எங்க ஆளுங்க எவ்வளவு..."

"நல்லா கேக்குது சார். இன்னொரு லைன்ல யாரோ கூப்பிடுறாங்க, வைங்க."

வைத்துவிட்டாள். மேலாளர் வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த யாரோவின் குரல் எங்கள் பெட்டி வழியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.