ஸ்வர்ணலதாவின் சர்க்கரை

சர்க்கரை வியாதிக்காரர்களைக் கண்டாலே ஸ்வர்ணலதாவுக்கு இளக்காரம். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று கடைக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டு அதே வாயில் மூன்று பஜ்ஜியைத் தள்ளுகிறவர்கள். கல்யாண வீட்டில் "ஒன்னே ஒன்னு" என்று ஜாங்கிரியை எடுத்து, நாலாவதையும் ஒன்னே ஒன்னு என்றே எடுக்கிறவர்கள். வாயைக் கட்டத் துப்பில்லாத ஜனங்கள், அவ்வளவுதான்.

இந்தத் தீர்மானத்துக்கு வித்திட்டவர் அவளைப் பெற்ற நைனா. புத்தூர் பக்கம் கரும்பு வைத்திருந்த மனிதர். நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை என்று தெரிந்தது, அறுபதில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே தலையணை உறைக்குள் வெல்லக்கட்டி ஒளித்து வைத்திருந்தார். உறையை உதறிய ஸ்வர்ணலதாவின் காலடியில் அது வந்து விழுந்தது. அவர் செத்த அன்றைக்கு அழுதுகொண்டிருக்கும்போதே அந்த வெல்லக்கட்டி ஞாபகம் வந்து அவளுக்குக் கோபம் வந்தது.

நைனாவுக்கு அடுத்து, அவளுடைய புருஷன் வேங்கடாசலம். சித்தூர் பஜாரில் ஹார்டுவேர் கடை. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார், மைதானத்தைச் சுற்றிவிட்டு வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் ஒரு மசால்வடை தின்றுவிட்டு வருவார். சட்டையில் எண்ணெய் வாசனை அடிக்கும். மாத்திரை போடுகிறாரா, ரத்தம் பார்க்கிறாரா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அந்த வியாதிக்கு மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அவள் ஊருக்கு வெளியே இருக்கும் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் லேப் இன்சார்ஜ். ஜூன் பிறந்தால் லாரி லாரியாகத் தோத்தாபுரி மாம்பழம் வந்து இறங்கும். கூழில் இனிப்பு எத்தனை, புளிப்பு எத்தனை என்று அளந்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் டிரம்மில் அடைப்பார்கள். அளவில் அவள் தவறியதில்லை. பதினெட்டு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டும் இருக்கிறாள்.

அந்த ஜூனில் அவளுக்குத் தாகம் எடுத்தது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போனாள். மதியம் மூன்று மணிக்குக் கால்கள் கனத்தன. வயது நாற்பத்தெட்டு.

வேங்கடாசலத்தின் அலமாரியில் ரெண்டு சர்க்கரை மீட்டர் இருந்தன. பழையதையும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பையும் எடுத்து, காலாவதித் தேதியைப் பார்த்து, கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அவரோடு ஒரே ஜாதியில் சேர்ந்துவிட்டாள் என்று அவர் நினைப்பதை விடச் சாவது மேல்.

லேபில் உதவிக்கு இருந்த சுந்தரி சாம்பிள் எடுக்கப் போயிருந்த நேரம், கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து விரலை அழுத்தித் துடைத்தாள். குத்தினாள். துளியை ஸ்ட்ரிப்பில் வைத்தாள்.

இருநூற்று முப்பத்தொன்று.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நூற்று நாற்பதுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று போன் சொன்னது. மறுநாள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதற்கு மறுநாள் இருநூற்று அறுபத்து நாலு.

சோற்றை நிறுத்தினாள். பிறகு சப்பாத்தியை நிறுத்தினாள். ஒரு நாள் மதியம் வெறும் வெள்ளரிக்காய் தின்றுவிட்டுப் பார்த்தாள், இருநூற்றுப் பதினேழு. வெள்ளரிக்காயில் இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று ஒரு லேப் இன்சார்ஜுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நைனாவின் ரத்தம் என்றுதான் தோன்றியது. கண்ணாடியில் பார்க்கும்போது ஜாங்கிரிக்காரர்கள் வரிசையில் தானும் கை நீட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது. அவர்களைப் பார்த்த அதே பார்வையைத் தன் முகத்தின் மேலேயே பார்த்தாள்.

பதினோரு நாளில் மூன்று கிலோ குறைந்தது. லேபில் எல்லாருக்கும் திட்டு விழுந்தது. கிளவுஸ் போடாமல் சாம்பிள் கப்பைத் தொட்டதற்காகச் சுந்தரியை மானேஜர் முன்னாலேயே, "உனுக்குக் கையா காலா அது? எத்தினி வாட்டி சொல்றது?" என்று கேட்டாள். சுந்தரி கிளவுஸை மாட்டிக்கொண்டாள். மேடம் மட்டும் கிளவுஸ் வழுக்குகிறது என்று வெறுங்கையோடு கூழைத் தொடுவது லேபில் எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேங்கடாசலம் பால் வாங்கப் போனபோது, குளித்துவிட்டு வெறும் வயிற்றில் வீட்டிலேயே பார்த்தாள். நூற்று நாலு. அந்த எண்ணை அவள் நம்பவில்லை. மீட்டர் பழசு, ஸ்ட்ரிப்பில் கோளாறு என்று ஒதுக்கினாள். இருநூறைக் காட்டியபோது மட்டும் அதே மீட்டரிடம் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அன்றைக்கு மாலையே அவர் கண்டுபிடித்துவிட்டார். ஸ்ட்ரிப் டப்பாவைத் தேடி, கிடைக்காமல், சாவி எடுக்க அவள் பையைத் திறந்தவர், மீட்டரோடு வந்து நின்றார்.

"இன்னா ஸ்வர்ணா இது?"

"பாத்தா தெர்ல?"

அவர் மீட்டரின் பொத்தானை அழுத்தி, பழைய கணக்கையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறியது. "இவ்ளோ நாளா சொல்லாமக் கீறியே. சுகர் வந்தா இன்னா இப்போ? நான் இல்லியா ஒம்போது வருசமா?"

"அதான் பயமே. உங்கள மாதிரி ஆய்டுவேனோன்னுதான்."

சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் அதிகம் என்று பட்டது. அவர் கோபப்படவில்லை. "நாளைக்கி ஒன்னும் துன்னாத. தண்ணி மட்டும் குடி. திருப்பதி போறோம்," என்றார்.

திருப்பதியில் அந்தச் சர்க்கரை கிளினிக்குக்குள் நுழைந்ததும் ரத்தம் எடுக்கும் ருக்மணி, "வாங்கண்ணா, இந்த வாட்டி சீக்கிரமா வந்துட்டீங்க?" என்றாள். காவல்காரர் கும்பிட்டார். ஸ்வர்ணலதா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சரக்கு எடுக்கத் திருப்பதி போகிறேன் என்று இவர் சொல்வது இதுதானா?

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ். முதலில் வேங்கடாசலத்தின் ஃபைலைத் தள்ளிவைத்தார். "உங்க வீட்டுக்காரரு பத்திப் பேச ஒண்ணுமில்ல. மூணு மாச சராசரிய மூணு வருசமா ஏழுக்குக் கீழயே வெச்சிருக்காரு. வடை துன்னா அன்னிக்கி ராத்திரி ஒரு இட்லி கம்மி பண்றாரு. அதயும் எழுதி வெச்சிருக்காரு."

ஸ்வர்ணலதா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி தட்டில் இட்லி குறைந்ததை அவள் பார்த்திருக்கிறாள். வடை தின்றதால் பசியில்லை, அதுக்குத்தான் என்று உதட்டைச் சுழித்திருக்கிறாள்.

அவளுடைய ரிசல்ட் வந்தது. வெறும் வயிற்றில் நூற்று ஆறு. மூன்று மாதச் சராசரி ஐந்து புள்ளி ஒன்பது. டாக்டரம்மா அவர்கள் கொண்டுவந்த மீட்டரில் இருந்த எண்களை மேலும் கீழும் நகர்த்தினார்.

"இந்த இருநூறெல்லாம் எங்க பாத்தீங்கம்மா?"

"ஃபேக்டரில."

"இன்னா ஃபேக்டரி?"

"மாம்பழக் கூழு."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சேதுலு கடுக்குன்னாரா? கை கழுவினீங்களா?"

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன்," என்றாள் ஸ்வர்ணலதா, தன் வேலையைச் சந்தேகப்பட்டவரிடம் பேசும் குரலில்.

"ஸ்பிரிட்டு கிருமிக்கும்மா. பழத்துச் சர்க்கரை அதுல சரியாப் போவாது. சோப்பும் தண்ணியும் வேணும், அப்பறம் ஈரமில்லாம துடைக்கணும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாப் போதும், மீட்டரு அதயும் சேத்து எண்ணும். நீங்க ரத்தத்த மட்டும் பாக்கல, மாம்பழத்தயும் சேத்துப் பாத்திருக்கீங்க."

வேங்கடாசலம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சரியாகப் பார்த்தாலும் வீட்டு மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். ஒரு எண்ணை வைத்து வியாதி உண்டு, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிளினிக்கில் எடுத்துப் பார்க்கும் ரத்தம்தான் அதைச் சொல்லும். தாகத்துக்கு ஃபேக்டரி பாய்லரின் வெக்கை காரணமாக இருக்கலாம். "ஆனா அஞ்சு புள்ளி ஒம்போதுன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தமில்ல. வாசப்படியில நிக்கிறீங்க. நடங்க. பட்டினி கெடக்காதீங்க. மூணு மாசம் கழிச்சி வாங்க."

திங்கட்கிழமையில் பாதி திருப்பதியிலேயே போயிருந்தது. செவ்வாய்க்கிழமை லேபில் அவள் கதவைச் சாத்தவில்லை. கூழைத் தொட்டாள், ஸ்பிரிட்டில் துடைத்தாள், குத்தினாள். இருநூற்று நாற்பத்து மூன்று. சோப்புப் போட்டு, கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினாள். நூற்றுப் பன்னிரண்டு. ரெண்டு ஸ்ட்ரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அளவு அளவு என்று பீற்றிக்கொண்டவள், தன் கையில் ஒட்டியதை அளந்துவிட்டு நைனாவைப் பழி சொன்னாள். முட்டாள், என்று தனக்குத்தானே சொன்னாள். வேறு யாரையும் அவள் அவ்வளவு மனதாரத் திட்டியதில்லை.

சுந்தரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், சுகரா?"

"இல்ல. மாம்பழம்," என்றாள் ஸ்வர்ணலதா. அப்புறம், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கி மானேஜர் முன்னாடி அப்டி கேட்டது தப்பு. நானே கிளவுஸ் போடறதில்ல," என்றாள். சுந்தரி உள்ளே வந்தாள். ஒரு ஜோடி கிளவுஸை எடுத்து மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலங்களில் புருஷனோடு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள். அவர் எப்போதும் ஆறு சுற்று நடப்பவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் வாரம் நாலாவது சுற்றிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் அடுத்த நாளும் போனாள்.

செப்டம்பரில் கடையில் வேலை என்று அவர் வராததால் தனியாகவே பஸ் ஏறித் திருப்பதி போனாள். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பழக்கதோஷம், உட்கார்ந்ததும் ஆளாளாக எடை போட்டாள்: இவன் தின்னிப் பண்டாரம், அவள் மாத்திரையை மறக்கிறவள். பக்கத்தில் கணுக்காலில் கட்டுப் போட்ட ஒரு அம்மாள் கேட்டாள்:

"உனுக்கு எத்தினி வருசமா கீது?"

"எனுக்கு இன்னும் வர்ல," என்றாள் ஸ்வர்ணலதா. குரலில் பெருமை இருந்ததை அவளே கேட்டாள்.

அந்த அம்மாள் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "வராமயேவா சீட்டு வாங்கிகினு குந்திகினுகீற? நாங்க இன்னா வேல இல்லாமயா வந்துகீறோம்? தள்ளி குந்து, கால நீட்டணும்."

ஸ்வர்ணலதா பையை எடுத்துக்கொண்டாள். எழுந்து அடுத்த நாற்காலிக்கு மாறினாள். அந்த அம்மாள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். உள்ளேயிருந்து ருக்மணி பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஸ்வர்ணலதா முதலில் குழாயடிக்குப் போய்க் கைகளைக் கழுவினாள். ரத்தம் இங்கே முழங்கை மடிப்பிலிருந்துதான் எடுப்பார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.