தண்ணீர் விழும் வரை

"சீசன் முடிஞ்சு போச்சும்மா! ஆவணி பொறந்தாச்சு, இன்னும் என்ன—"

"அருவியில தண்ணி விழுதா இல்லையா, அதை மட்டும்—"

"விழுதது எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது என்னன்னா—"

"விழுதுல்லா? அப்ப சீசன் முடியல. வண்டியும் ஒங்களுது இல்ல."

கைலாசம் பிள்ளை வாயை மூடினார். மூடியதும் குற்றாலப் பேரருவியின் இரைச்சல் கேட்டது. குழல்வாய்மொழி சீசனுக்கு எடுத்திருந்த வீடு அருவிக்குப் போகிற பாதையிலேயே இருந்தது. அந்த இரைச்சல் காதில் விழாமல் இருக்க வேண்டுமானால் அவர் கத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

வாசலில் பியூக் கார் நின்றது. சாரலுக்காக மேல்மூடியை ஏற்றி, கண்ணாடிகளையும் ஏற்றியிருந்தார்கள். கண்ணாடியெல்லாம் புகை படிந்ததுபோல் வெளுத்திருந்தது. தென்காசியில் கைலாசம் பிள்ளையிடம் வாடகைக்கு நாலு வண்டி உண்டு. மூன்று கார், ஒன்று தேர் என்று ஊரில் சொல்வார்கள். தேர் இதுதான்.

"எம் மக வடிவுக்கு இன்னைக்குச் சாயந்தரம் மாப்பிள்ளை அழைப்பு. விடிஞ்சா முகூர்த்தம். நீங்களும் பொம்பளைதானே, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"மத்த வண்டி மூணு நிக்கே. ஒண்ணை அனுப்புங்க."

"அம்பாசடர்லயா? சுந்தரபாண்டியபுரத்துக்காரங்க நிச்சயதாம்பூலத்துலயே சொல்லிட்டாவ, பையன் பெரிய கார்ல மூடியத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் வருவான்னு. வேற வண்டி போய் நின்னா சம்பந்தி பிள்ளையார் கோயில் வாசலை விட்டு நகர மாட்டாரு. அவரு குணம் அப்படி."

"நகராட்டா?"

"கல்யாணம் நின்னு போவும்மா!"

"ஆமா. நின்னுதான் போவும்" என்றாள் குழல்வாய்மொழி, பால்காரிக்குப் பதில் சொல்வதுபோல.

கைலாசம் பிள்ளை டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏலே சுடலைக்கண்ணு, பாத்துக்கிட்டு நிக்கியே! எடுலே வண்டிய!"

"சாவி அம்மாகிட்ட இருக்கு மொதலாளி. வண்டியோட சேத்து என்னையும் நீங்க அவங்களுக்கு விட்டுட்டீக. நான் யாரு சொல்லைக் கேக்க?"

சாவி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

ஆனி பிறந்தபோது, தென்காசியில் அவருடைய கார் கொட்டகையில்தான் வாடகைப் பேச்சு நடந்தது. கொழும்பிலிருந்து வந்திருக்கும் கடைக்காரர் வீட்டு அம்மாள் என்று மட்டுமே அவருக்குத் தெரியும். ஆடிக் கடைசி வரைக்கும் வண்டி வேண்டும் என்று கேட்டாள். கைலாசம் பிள்ளை வெளியே வந்து மலையை அண்ணாந்து பார்த்தார். உச்சியில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அருவி நூல்போல ஒழுகுகிறது என்று காலையில்தான் ஆள் வந்து சொல்லியிருந்தான். ஆடி பிறக்குமுன் காய்ந்துவிடும். சீசன் வாடகையையும் வாங்கிக்கொண்டு, வண்டியையும் பாதியில் திருப்பிக்கொள்ளலாம்.

"தேதியெல்லாம் எதுக்கும்மா? குத்தாலத்துல வீடு எப்படி விடுதாவ? தண்ணி விழுத வரைக்கும். வண்டியும் அப்படியே இருக்கட்டும். விழுத வரைக்கும் ஒங்களுது. நின்னா மறுநாளே என் கொட்டகைக்கு வந்துரணும். வாடகை மட்டும் மொத்தமா முன்னாலயே குடுத்துருங்க."

"ஆவணியிலயும் விழுந்தா?"

"கார்த்திகை வரைக்கும் விழட்டுமே! வந்து கேட்டா என்னை என்னன்னு கேளுங்க!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்காமல் வெற்றிலைத் தட்டை நகர்த்தினாள். இருவரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். ஆடி பிறந்தது. மேகம் மலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, பிறகு விடவேயில்லை.

"வாங்கின வாடகைய முழுசாத் திருப்பித் தாரேன். மேலயும் தாரேன். பெறவு என்னதான் வேணும் ஒங்களுக்கு?" என்றார் இப்போது.

"வடகரை வீரபாகு பிள்ளைய ஞாபகம் இருக்கா?"

"எந்த வீரபாகு?"

"ரெண்டாவது மகளோட மாப்பிள்ளை அழைப்புக்கு இதே வண்டியப் பேசினவரு. அம்பத்து மூணாம் வருஷம்."

கைலாசம் பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மாப்பிள்ளை மாலையும் கழுத்துமா உள்ள உட்கார்ந்திருக்காரு. முன்னால மேளம் போவுது. தேரடி முக்குல நீங்க வந்து கையக் காட்டுனீக. மெட்ராஸ்ல இருந்து யாரோ மில்லுக்காரர் ரயில்ல வந்து எறங்கிட்டாராம். அருவிக்குப் போவணுமாம், இந்த வண்டிதான் வேணுமாம். மாப்பிள்ளைய நடு வீதியில எறக்கி விட்டுட்டு வண்டிய ஓட்டிட்டுப் போனீக. எறங்கின மனுசன் எங்க வீட்டுப் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைக்கல. கழுத்து மாலையக் கழட்டி நாயனக்காரர் கையில குடுத்துட்டுத் திரும்பிட்டாரு. பந்தல் போட்ட ஆளு வருததுக்கு முன்னாலயே எங்க அப்பா தன் கையால பந்தலைப் பிரிச்சாரு. அவரு பெறவு தென்காசிக்குள்ள காலு வைக்கல. செத்தும் போனாரு."

"நீங்க… வீரபாகு பிள்ளை மகளா?"

"மூத்தவ. ஒங்க மக கல்யாணம் ஆவணியிலன்னு கேள்விப்பட்டுத்தான் கப்பல் ஏறினேன். ஆவணின்னு வாயத் திறந்தா முழிச்சுக்கிடுவீகன்னு ஆடின்னு கேட்டேன். மத்ததை அப்புறம் பாத்துக்கிடலாம்னு இருந்தேன். நீங்களே பழத்தை உரிச்சு வாயில ஊட்டி விட்டுட்டீக."

"பெரிய எடத்து ஆளும்மா அவரு. தொழில்ல மாட்டேன்னு சொல்ல முடியுமா?" அவர் குரல் இறங்கியிருந்தது. "சரி, நான் செஞ்சது தப்புதான். அதுக்கு எம் மக என்ன பாவம் பண்ணுனா?"

"எங்க வீட்டுலயும் அதைத்தான் எட்டு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கோம். பதில் தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கவஸ்திரம் ஈரத்தில் புரண்டது. எடுக்கவில்லை. எண்ணெய்த் தலையோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"கால்ல விழணுமா? விழுதேன்."

"ஒங்க கால், என் கால் எல்லாம் எதுக்கு" என்று குழல்வாய்மொழி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியை எடுத்துச் சுடலைக்கண்ணுவிடம் நீட்டினாள். "வண்டிதானே? கொண்டு போங்க."

அவர் நம்பாமல் எழுந்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான். உள்ள ஒரு ஆளு இருக்கு. அருவிக்குப் போவ ஏறி உட்கார்ந்த ஆளு. அதை எறங்கச் சொல்லிட்டு எடுத்துக்கிடுங்க. நீங்கதான் சொல்லணும். சுடலைக்கண்ணு சொல்லப்படாது."

"யாரும்மா உள்ள?"

"ஏறி உட்கார்ந்தவங்களை எறக்குததுக்கு யாரு எவருன்னு என்னைக்கு அண்ணாச்சி கேட்டிருக்கீக?"

கைலாசம் பிள்ளை காரை நோக்கி நடந்தார். வெளுத்த கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. பின்கதவின் பிடியில் கை வைத்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்பு திறந்தார்.

பின் இருக்கையின் நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தேய்த்து முடிந்த தலை. மடியில் துண்டும் மாற்றுப்புடவையும். கழுத்து வெறுமையாக இருந்தது. முகம் அப்படியே வீரபாகு பிள்ளை.

"நாச்சியார்" என்றாள் பின்னாலிருந்து குழல்வாய்மொழி. "எந் தங்கச்சி."

கைலாசம் பிள்ளை குனிந்தார். "தாயி…" என்றார். சுடலைக்கண்ணு ஏறி உட்கார்ந்து சாவியைச் செருகினான், திருகவில்லை.

நாச்சியார் துண்டை மடித்து மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். கோபம் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசையோடுதான் கேட்டாள்.

"அன்னைக்கு நான் வீட்டுக்குள்ள மணையில இருந்தேன், எனக்குக் கேக்கல. இது வரைக்கும் யாரும் சொல்லவும் இல்ல. அவருகிட்ட என்ன வார்த்தை சொல்லி எறக்கி விட்டீக அண்ணாச்சி? அதையே எங்கிட்டயும் சொல்லுங்க, எறங்கிக்கிடுதேன்."