ஐந்து பத்தித் தலைப்பு

என் வீட்டுக்காரரைத் தெருவில் ‘தலைப்புச் செய்தி’ என்றுதான் சொல்வார்கள். அவர் காதில் விழாமல் சொல்வதாக நினைப்பு. அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமை வேறு. வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. ஆங்கிலத்தை அவர் கற்றுக்கொண்டதே பேப்பர் தலைப்புகளை வைத்துத்தான். “கீழ இருக்கிறதெல்லாம் வளவளா. சாரம் பூரா தலைப்புல இருக்கு” என்பார். தலைப்புக்குக் கீழே ஒரு வரி அவர் படித்து நான் பார்த்ததில்லை.

எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். காலையில் பேப்பர் வந்து விழுந்ததும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவார். பெரிய தலைப்பாக ஒன்றை வெட்டி, பசை தடவி நீள நோட்டில் ஒட்டி, சிவப்பு மையில் தேதி போடுவார். புது வார்த்தைக்கு அடியில் கோடு. நான் அடுப்படியில் நின்றபடியே அதைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும், சாயங்காலம் மருந்துக் கடை வேலை முடிந்து வந்ததும் ஒப்பிக்க வேண்டும். வெள்ளம், விபத்து, ராஜினாமா, கண்டனம், விசாரணைக் கமிஷன், எல்லாவற்றுக்கும் எனக்கு ஆங்கிலம் தெரியும். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவரை உட்காரச் சொல்லத்தான் வாய் வராது.

இந்தக் கூத்தைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. குடிநீர் வாரியத்தில் எழுத்தர் வேலைக்கு இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் ஆங்கிலத் தாளில் மண்ணைக் கவ்வியவள் நான். மூன்றாவதுதான் கடைசி. அதற்கப்புறம் வயது தாண்டிவிடும். பதினோரு வருஷமாகக் கடையில் தினம் பத்து மணி நேரம் நிற்கிறேன். கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிகிறது. வாரியத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வேறு பெரிய லட்சியமெல்லாம் கிடையாது.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். இருந்தது ஏழே இடம். தேர்வானவர்களின் எண்கள் பேப்பரில் ஒரே ஒரு தடவை வரும், தனிக் கடிதம் கிடையாது, பதினைந்து நாளுக்குள் சான்றிதழோடு நேரில் வர வேண்டும் என்று அனுமதிச் சீட்டிலேயே போட்டிருந்தார்கள். தினமும் சாயங்காலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பேப்பரைத் தேடினேன். என் கைக்கு வருவது ஜன்னல் வைத்த பேப்பர்தான், காலையிலேயே வெட்டியாகிவிடுமே. “நீங்களும் கொஞ்சம் பாருங்க” என்று அவரிடம் சொல்லி வைத்தேன்.

“நான் பாக்காமலா?” என்றார்.

மூன்று மாதம் போனது. ஒரு நாள் இருமல் மருந்து வாங்க ஒரு பெண் கடைக்கு வந்தாள். பரீட்சையில் எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியவள்.

“என்னக்கா, இன்னும் இங்கயே நிக்கிறீங்க? வாரியத்துல ஏன் சேரலை?”

“ரிசல்ட்டே வரலையேம்மா.”

“ஐயோ, என்னக்கா சொல்றீங்க? என் நம்பருக்கு அடுத்தது உங்க நம்பர்தான். பேப்பர்ல பாத்தேனே! நீங்க வரவே இல்லைன்னு வேற ஆளை எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.”

தேதியைக் கேட்டேன். சொன்னாள். இருமல் மருந்துக்குப் பதிலாகக் கண் சொட்டு மருந்தை எடுத்து நீட்டியிருக்கிறேன். அவளேதான் பார்த்து மாற்றி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்தேன். அந்தத் தேதியில் ஐந்து பத்தி அகலத்துக்கு மழைச் செய்தி. கோடு போட்ட வார்த்தை ‘அன்பிரெசிடென்டட்’, வரலாறு காணாத என்று அர்த்தம். அதை நாக்கு சுளுக்கப் பத்துத் தடவை சொன்னது ஞாபகம் இருந்தது. ஈரத் துணியைப் போட்டு ஊறவிட்டு, நகத்தால் மெல்ல உரித்தேன். பின்பக்கத்தில் கட்டம் கட்டிய ஒரு சின்ன அறிவிப்பு. ஏழு எண்கள். ஐந்தாவது என்னுடையது.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர் மேல் வந்தது, ஓட்டைப் பேப்பரை நம்பி உட்கார்ந்திருந்த என் மேலும் வந்தது.

அவர் வந்ததும் அந்தத் துண்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு நிமிஷம் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் தெளிந்துவிட்டார்.

“பாஸ் பண்ணிருக்கே! நம்ம முறை தப்பாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“வேலை போயிடுச்சுங்க.”

“அதுக்கு நான் என்ன பண்றது? வெட்டினதைத் திருப்பிப் பாக்கணும்னு உனக்கும்தானே தோணலை?”

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். மறுநாளே ஆபீசுக்குப் போய், தன்னிடம் படித்தவள் ஏழு பேரில் ஒருத்தியாகத் தேறிய கதையை அளந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வக்கீலின் மனைவி தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண்ணும் ஏதோ பரீட்சைக்கு இவரிடம் ஆங்கிலம் படிக்க வேண்டுமாம். நான் உரித்தெடுத்த துண்டை இவர் ஒரு அட்டையில் வைத்து அவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன்.

“அடேயப்பா, ஏழு பேர்ல ஒருத்தியா!” வக்கீலம்மா என்னைப் பார்த்தார். “அப்புறம் ஏம்மா வேலைல சேரலை?”

சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

“நான்தாங்க வேண்டாம்னுட்டேன். வீட்டை யாரு பாக்கிறது?”

பத்து மணி நேரம் கடையில் நின்றுவிட்டு வருகிறவளைப் பற்றித்தான் சொன்னார். தப்புப் பண்ணியவன் என்பதைவிட, போகாதே என்று தடுத்தவன் என்பது அவருக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது. அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடிக்காமல் போனது.

“அதுவும் சரிதான்” என்று வக்கீலம்மா டீயை எடுத்துக்கொண்டார்.